நொய்யலை எந்தத் துறையில் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலைக் கல்லூரிகளில் பசுமை அரசியலை, அதாவது ஆறு, காடு, நிலம் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள் என்ற படிப்பை, தனிப் பாடமாக வைக்கலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரைக்கு வாசகர் ஒருவர் எழுதிய மறுப்பைப் படித்தேன். மரம் நட என்.எஸ்.எஸ். இருக்கிறது, மாசுபாடு பற்றிப் படிக்கச் சுற்றுச்சூழல் பாடம் இருக்கிறது, இதில் அரசியலுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான். கொங்குப் பக்கத்து அரசுக் கலைக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள். கடிதம் நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள்.

முதலில் அந்தச் சுற்றுச்சூழல் பாடத்தைப் பார்ப்போம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், எல்லா நிலையிலும் சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. கல்வி நிறுவனங்கள் அசைந்து கொடுக்கவில்லை. 2003-இல் நீதிமன்றம் மறுபடியும் வற்புறுத்திய பிறகுதான் எல்லாப் பட்டப்படிப்புக்கும் கட்டாயப் பாடம் என்று கல்லூரிகளுக்குள் வந்து சேர்ந்தது. வந்த பாடத்துக்கு எங்கள் கல்லூரியில் ஆசிரியர் கிடையாது. எந்தத் துறையில் யாருக்கு வாரத்தில் மணிநேரம் குறைகிறதோ அவர் தலையில் விழும். ஒரு வருடம் கணிதத் துறை, ஒரு வருடம் வணிகவியல், ஒரு வருடம் நான். மாணவர்கள் பேருந்து நிலையக் கடையில் விற்கும் கைடு ஒன்றை வாங்கி, தேர்வுக்கு முந்தின இரவு படிப்பார்கள். யாரும் தோற்பதில்லை. அதனாலேயே யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

நான் எடுத்த வருடத்தில் உள்தேர்வுக்கு, நீர் மாசுபாட்டின் காரணங்கள், விளைவுகள், கட்டுப்படுத்தும் முறைகள் என்று வழக்கமான பத்து மதிப்பெண் கேள்வியைக் கேட்டிருந்தேன். நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள ஊரிலிருந்து வரும் மாணவன் ஒருவனின் விடைத்தாள் கைக்கு வந்தது. தொழிற்சாலைக் கழிவு, வீட்டுக் கழிவு, பூச்சிக்கொல்லி என்று கைடில் உள்ள வரிசை மாறாமல் எழுதியிருந்தான். ஓரத்தில் படம்கூட உண்டு: ஒரு புகைபோக்கி, ஒரு குழாய், குழாய்க்குக் கீழே செத்த மீன். மதிப்பெண் குறைக்க ஒன்றும் இல்லை. அவன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால் காய்ச்சினால் திரிந்துவிடும். தென்னை மட்டை மட்டையாகக் காய்ந்ததும், இருந்த மாடுகளை விற்றதும் நொய்யல் தண்ணீரால்தான். அந்த இரண்டரைப் பக்கத்தில் நொய்யல் இல்லை, திருப்பூர் இல்லை, அணையும் இல்லை. ஏன்பா எழுதவில்லை என்று கேட்டேன். "அது சிலபஸ்ல இல்லீங்களே மேடம்" என்றான்.

சிலபஸில் இல்லாத அந்த விஷயம் என்ன என்று உங்கள் வாசகருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது. சில வருடங்களுக்குள் அது திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து நிற்கும் தொட்டியாகிவிட்டது. அணைத் தண்ணீரில் பாசனம் பெற வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே, தண்ணீரைத் திறந்துவிடாதே என்று போராடும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் உயர் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் வந்த உத்தரவில், சாயப்பட்டறைகள் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் 6 காசு, அப்புறம் 8, அப்புறம் 10 காசு என்று ஏறிக்கொண்டே போகும் தண்டம் விதிக்கப்பட்டது. அதற்குள் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலைக்கு வந்துவிட வேண்டும் என்று கெடுவும் வைக்கப்பட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. அப்போதும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. திருப்பூரே நின்றுபோனது. அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல். புதிதாக வந்த அரசு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் தர முன்வந்தது.

இதில் வேதியியல் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று உங்கள் வாசகரே சொல்லட்டும். உப்பின் அளவைக் கண்டுபிடிக்க ஆய்வகம் போதும். ஒரு லிட்டர் கழிவுக்கு 6 காசு என்று விலை வைப்பது யாருடைய கணக்கு? 1974 நீர்ச் சட்டப்படி உருவான மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலையை மூடும் அதிகாரம் இருக்கும்போது, அதைச் செய்ய நீதிமன்றம்தான் வர வேண்டியிருந்தது ஏன்? அன்னியச் செலாவணி கொண்டுவரும் ஊருக்கும், கீழே சோளம் போடும் ஊருக்கும் இடையில் கட்சிகள் எப்படி நின்றன? ஓட்டு மேலே அதிகமா, கீழே அதிகமா? பட்டறை மூடியபோது வேலையிழந்து ஊர் திரும்பிய தென்மாவட்டத் தொழிலாளிக்காக யார் வழக்குப் போட்டார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியது அரசியல் அறிவியல் துறை. (கரூர்க்காரர்கள் நாங்கள் திருப்பூரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. அமராவதிக் கரையில் எங்கள் ஊர்ப் பட்டறைகள் செய்ததும் இதேதான்.)

சரி, அதே மாணவன் பிறகு எம்.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்தான். அப்போது நான் வேறு கல்லூரிக்கு மாற்றலாகியிருந்தேன். நடந்ததை அவன் வந்து சொல்லித்தான் தெரியும். ஆயக்கட்டுதாரர் சங்கத்தைப் பற்றியே ஆய்வேடு எழுத விரும்பியிருக்கிறான். சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்கள், வழக்குச் செலவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூல் செய்த நோட்டு, மனுக்களின் நகல்கள் எல்லாம் அவனுடைய பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்தன. ஒரு ஆய்வு மாணவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? துறையில், இது சுற்றுச்சூழல் தலைப்பு, இங்கே வழிகாட்ட ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் உள்ள இன்னொரு கல்லூரியில் போய்க் கேட்டால், தண்ணீர் மாதிரி எத்தனை இடத்தில் எடுத்தாய், கருவி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கடைசியில் ஊராட்சி நிதி நிர்வாகம் பற்றி, ஏற்கெனவே பலர் எழுதிய ஒன்றைத் தானும் எழுதிப் பட்டம் வாங்கினான். அந்த நோட்டுகளைப் பெரியப்பா வீடு இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு ஆறே விழுந்து காணாமல் போகிறது என்பதற்காக எழுதுகிறேன்.

நொய்யல் ஒன்று மட்டும் என்றால் விட்டுவிடலாம். பாலாற்றைப் பாருங்கள். தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிற மாணவர்கள் நாடு முழுக்கப் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே பணம் கொடுக்க வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாயிற்று. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற விவரமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டம், இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு என்று உத்தரவுகள். அப்புறம் 2025 ஜனவரி 30-இல் அதே பாலாற்றுக்காக, அதே தோல் கழிவுக்காக, உச்ச நீதிமன்றம் மறுபடியும் விரிவான தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது. தீர்ப்பு சரியாக இருந்தும் ஆறு ஏன் திரும்பவில்லை? சட்டக் கல்லூரி தீர்ப்பைப் படிக்கிறது. தோல் தொழில்நுட்பம் படிப்பவர்கள் தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் குறைக்கும் வழியைப் படிக்கிறார்கள். நடுவில் இருக்கும் 29 வருடத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

வெளிநாடுகளில் இந்தப் படிப்பு எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் நீர்மின் திட்டத்துக்காக பெடர் என்ற ஏரியை மூழ்கடிக்கப் போனார்கள். அதை எதிர்த்தவர்கள் 1972-இல் தேர்தலில் நிற்க ஒரு கட்சியே தொடங்கினார்கள். உலகின் முதல் பசுமைக் கட்சி என்று அதைச் சொல்வதுண்டு. ஏரியைக் காப்பாற்ற முடியவில்லை. ஜெர்மனியில் 1980-இல் தொடங்கிய பசுமைக் கட்சி, 1983-இல் 5.6 விழுக்காடு ஓட்டு வாங்கி நாடாளுமன்றத்துக்குள் போனது. அதன் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. 1990-ஐ ஒட்டி ஆண்ட்ரூ டாப்சன், ராபின் எக்கர்ஸ்லி போன்ற அரசியல் அறிஞர்கள், பசுமைச் சிந்தனை என்பது தாராளவாதம், சமவுடைமை போலத் தனியாக வைத்து விவாதிக்க வேண்டிய அரசியல் கோட்பாடு என்று எழுதினார்கள். சுற்றுச்சூழல் அரசியலுக்கென்றே ஓர் ஆய்விதழ் 1992-இல் இங்கிலாந்திலிருந்து வரத் தொடங்கியது. களத்தில் நடந்தது வகுப்பறைக்கு வர அங்கே 20 வருடம் ஆயிற்று. நம் நாட்டில் இமயமலைப் பக்கம், காடு வெட்டுவதை எதிர்த்துச் சிப்கோ இயக்கப் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து 50 வருடம் தாண்டிவிட்டது.

அதற்காக அவர்கள் புத்தகத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. மனிதன் கால் படாத காட்டை வேலி போட்டுக் காப்பதுதான் பசுமை என்ற அமெரிக்கப் பார்வை, காட்டையே நம்பி வாழும் இந்திய ஏழைக்கு எதிராகப் போகும் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-இலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். இங்கே சூழலைப் பற்றிய சண்டை பெரும்பாலும் கிணறு, மீன்பாடு, மேய்ச்சல் நிலம் பற்றிய சண்டை. நெடுவாசலில் 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தவர்கள் பறவை பார்க்கும் சங்கத்துக்காரர்கள் அல்ல. மதுரை அருகே அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்யவைத்ததும் சுற்றுவட்டார மேலூர் ஊர்க்காரர்கள்தான். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 உயிர் போனதைப் பற்றி எந்த அரசியல் அறிவியல் பாடத்தில், எந்த அலகில் நம் பிள்ளைகள் பேசுவார்கள்? காவல் அதிகாரம், அமைதியாகக் கூடும் உரிமை, மாவட்ட நிர்வாகம் என்று நாங்கள் நடத்தும் எல்லாத் தலைப்பும் அந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

நம் பழைய சரக்கையும் நாம் பார்ப்பதில்லை. குடவோலை முறை என்றால் என்ன என்று ஆறாம் வகுப்பிலிருந்து எம்.ஏ. வரைக்கும் கேட்கிறோம். பனையோலை, குடம், சிறுவன் கை விட்டு எடுப்பது என்று பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த ஆட்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று நாங்கள் கேட்டதே கிடையாது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த குழு! நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அங்கே இடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தண்ணீர் யார் கையில், யாரை வெளியே நிறுத்தி என்பது அன்றைக்கும் இருந்த கேள்வி. அதேபோல் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, கொலம்பியாவில் பொது நிதி படித்து, மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்து 1960-இல் இறந்தவர். தீர்ந்துபோகும் வளத்தின் மேல் கட்டிய பொருளாதாரம் சண்டையில்தான் போய் முடியும் என்று, ஜெர்மன் கட்சிக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதியவர். நான் நடத்திய இந்திய அரசியல் சிந்தனைத் தாளில் காந்திக்கு ஒரு அலகு உண்டு. குமரப்பாவுக்கு ஒரு வரி கிடையாது.

கல்லூரிக்குள் கட்சிப் பிரசாரம் வந்துவிடும் என்பது பலர் சொல்லும் பயம். நான் வருடக்கணக்காக மார்க்சியம் நடத்தினேன். அதைக் கேட்டு ஒருவரும் கட்சி உறுப்பினர் ஆகவில்லை, வங்கித் தேர்வுக்குத்தான் போனார்கள். பாடம் என்று வந்துவிட்டால் எதிர்த்தரப்பையும் நடத்தியாக வேண்டும். கழிவுநீரை முழுதாகச் சுத்திகரிக்க ஆகும் செலவில் சின்னப் பட்டறைக்காரர் அழிந்து பெரியவர் மட்டும் தப்பிப்பார் என்பது 2011-இல் திருப்பூரில் கேட்ட வாதம். அது பொய்யான வாதம் அல்ல. திருப்பூரில் மூடியபோது சாயம் போடும் வேலை பக்கத்து மாவட்டங்களுக்குத் திருட்டுத்தனமாக நகர்கிறது என்று புகார்கள் எழுந்தன. ஒரு ஆற்றைக் காப்பாற்றி இன்னொரு ஆற்றைக் கெடுப்பது வெற்றியா? போராட்ட மேடையில் இதையெல்லாம் பேச நேரம் இருக்காது. வகுப்பறையில்தான் இருக்கும்.

இதைப் படித்தால் என்ன வேலை என்று பெற்றோர் கேட்பார்கள். உண்மையைச் சொல்வதானால், தனியாக வேலை எதுவும் காத்துக்கொண்டிருக்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் களப் பணிக்குப் பொறியாளரையும் அறிவியல் பட்டதாரியையும்தான் எடுக்கிறது. அதையே மாற்றச் சொல்லிக் கேட்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதும், வந்த ஆட்சேபணைகளைப் பதிவதும், ஊர்க்காரர்களிடம் பேசுவதும் பொறியியல் வேலையா என்ன? ஏற்றுமதி நிறுவனங்களிலும் இப்போது வெளிநாட்டு வாங்குவோர் தண்ணீர்க் கணக்குக் கேட்கிறார்கள். நான் சொன்ன அந்த மாணவனே இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் அந்தப் படிவங்களை நிரப்பும் வேலைதான் பார்க்கிறான். சிரிக்கலாம்.

உருப்படியாக என்ன செய்யலாம் என்றால், பி.ஏ. அரசியல் அறிவியலில் இதை முதன்மைத் தாளாக வைக்க வேண்டும். விருப்பப் பாடமாக வைத்தால் ஆசிரியர் இல்லை என்று முதல் வருடமே மூடிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து அப்படிப் போன தாள்கள் உண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வின் அரசியல் அறிவியல் பாடத்திட்டத்தில் பெண்ணியத்துக்கு அடுத்துச் சூழலியம் என்று ஒற்றைச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இது எங்கள் துறைக்கு அன்னியம் என்று எந்தப் பாடத்திட்டக் குழுவும் சொல்ல முடியாது. புத்தகம்தான் பெரிய பிரச்சினை. எங்கள் கல்லூரிகளில் தமிழ் வழியில் படிப்பவர்களே அதிகம். 1960-களிலும் 70-களிலும் கல்லூரிப் பாடங்களுக்கு நூற்றுக்கணக்கில் தமிழ் நூல்கள் போட்ட அரசு நிறுவனம்தான் இன்றைய பாடநூல் கழகத்தின் முன்னோடி. அரசியல் அறிவியல் நூல்களும் அதில் உண்டு. நாங்கள் படித்ததே அவற்றில்தான். பசுமை அரசியலுக்கு ஒரு நூலைப் பாடநூல் கழகம் எழுதவைத்தால், பாதித் தடை விலகிவிடும்.

களத்துக்கு அலைய வேண்டியதே இல்லை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. மாணவர்களைத் தங்கள் சொந்த ஊர்ச் சபையில் உட்காரச் சொல்லுங்கள். யார் பேசினார்கள், யார் பேச எழுந்து உட்காரவைக்கப்பட்டார்கள், ஏரி பற்றி வந்த தீர்மானம் பதிவேட்டில் என்ன வார்த்தையில் ஏறியது, அது பிறகு எங்கே போனது என்று ஒரு வருடம் பின்தொடர்ந்து எழுதினால் அதுவே ஆய்வேடு. செலவு பேருந்துக் காசுகூட இல்லை.

ஐந்து அலகுகளில் தமிழில் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரி கேட்டாலும் கொடுப்பேன். உங்கள் அலுவலகம் வழியாகக் கேட்கலாம். நொய்யல் அலகில் விவசாயிகள் தரப்பு, வாரியத்தின் தரப்பு, முதலாளிகள் தரப்பு மூன்றும் இருக்கின்றன. 2011-இல் பட்டறை மூடியபோது அங்கே வேலை பார்த்த தொழிலாளி ஒருவர் சொந்த வார்த்தையில் சொன்னது மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வாசகர்களில் அப்படி யாராவது இருந்தால், நான்கு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் இணைப் பேராசிரியை,
க. பரமத்தி அருகில், கரூர் மாவட்டம்.